வாரிச் சேர்த்தவரும் வாரி இறைத்தவரும்



எட்டயபுரத்தை அடுத்த கரிசற்காட்டுச் சிற்றூர் ஒன்றில் சில ஆண்டுகளுக்கு முன் பாதுகாவலர் திருவிழா நடைபெற்றது. மாலைத் திருப்பலியும் தேர்ப்பவனியும் நிறைவுற்றபின், அவ்வூர் இளைஞர்கள் ‘ஊதாரி மைந்தன்’ நாடகத்தை மேடையேற்றினார்கள். நாமும் முன்வரிசையில் அமர்ந்திருந்தோம். ஊதாரியாக நடித்தவர் பட்டுச் சட்டையும் புலிநகச் சங்கிலியும் அணிந்து, கைவிரல் பத்திலும் மோதிரம் மின்ன, வாயில் வெற்றிலையும் கையில் வெள்ளிப்பூண் பிரம்புமாக வந்து நின்றார். “மைனர் வாராரு, மைனர்!” என்று சிறுவர்கள் ஆர்ப்பரித்தார்கள். அவர் பணத்தை அள்ளி அள்ளி வீச, கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. நாமும் சிரித்தோம் என்பதை மறைப்பதற்கில்லை.

நாடகம் முடிந்து, மைந்தனைத் தந்தை தழுவிக்கொள்ளும் காட்சியில் பலர் கண்கலங்கினார்கள். மேடையேறி நான்கு வார்த்தை பாராட்டிப் பேசிவிட்டுக் கீழே இறங்கினோம். எழுபது வயதைக் கடந்த அன்னை ஒருவர் நம்மருகில் வந்து சிலுவை அடையாளம் வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார்.

“ஏன் சாமி, அவன் தொலைச்ச சொத்தைச் சேத்தது யாரு? அவுகளைக் காட்டவே இல்லையே?”

நமக்கு உடனே விடை வரவில்லை. “தகப்பனார் சேர்த்தது, அம்மா” என்றோம். “தகப்பன் ஒத்தையாளாவா சேத்திருப்பாரு?” என்று சொல்லிவிட்டு அவர் இருளில் நடந்துபோனார். அந்தக் கேள்வி அன்றிரவு நம்மை உறங்கவிடவில்லை. இம்மாதம் அதைப் பற்றியே வாசகர்களோடு சிந்திக்க விழைகிறோம்.

இருபொருள் தரும் ஒரு சொல்

ஆங்கிலத்தில் ‘ரேக்’ என்றொரு சொல் உண்டு. வைக்கோலையும் சருகையும் வாரிக் கூட்டுகிற, நீண்ட கோலும் பற்களும் உடைய உழவுக் கருவிக்கு அப்பெயர். அதே எழுத்துகளால், அதே ஒலியால், குடியிலும் சூதிலும் பெண்ணாசையிலும் குடும்பச் சொத்தை அழிக்கிற உல்லாசியையும் அவர்கள் குறிப்பார்கள். நரகத்தின் நெருப்பையே வாரித் துழாவினாலன்றி இவனைப் போல் இன்னொருவன் அகப்படமாட்டான் என்னும் கருத்தில் தோன்றிய பழைய வசைச்சொல் ஒன்று நாளடைவில் குறுகி இவ்வாறாயிற்று என்று சொல்லாராய்ச்சியாளர் விளக்குவர். எவ்வாறாயினும், களத்தில் உழைக்கும் கருவிக்கும் களியாட்டத்தில் திளைக்கும் மனிதனுக்கும் ஒரே பெயர் அமைந்தது வியப்பன்றோ!

நம் தாய்மொழியும் இதற்கு இளைத்ததன்று. ‘வாரு’ என்னும் வினையைப் பாருங்கள். களத்தில் பொலியை வாருகிறோம். உப்பளத்தில் உப்பு வாருகிறோம். தாய் குழந்தையை வாரி அணைக்கிறாள். அதே வாயால், “அப்பன் சொத்தை வாரி இறைத்துவிட்டான்” என்றும் சொல்கிறோம். வாரிச் சேர்ப்பதற்கும் வாரி இறைப்பதற்கும் கையின் அசைவு முதலில் ஒன்றுதான். பொருளைத் தன்பக்கம் இழுக்கிறதா, காற்றில் வீசுகிறதா என்பது அதற்குப் பின்புதான் தெரியும்.

வாரும் கருவி நம்மிடையே மிகப் பழையது. பறம்புமலை நாட்டில் வரகு விளைந்த முறையைக் கபிலர் பாடிய புறநானூற்றுப் பாட்டில் (120), விதைத்தபின் ‘பல்லி’ என்னும் கருவியைச் செலுத்தி நிலத்தை நெகிழ்த்தும் வேலை சொல்லப்படுகிறது. பல் உடையது ஆதலின் அது பல்லி. மாரியை நம்பி வித்திடும் நம் கரிசல் உழவருக்கு, ஐப்பசி மழைக்குப் பின் மண்ணைக் கிளறிக் களை நீக்கும் வேலையின் அருமை சொல்லாமலே விளங்கும்.

கரிசலிலிருந்து கிழக்கே கடற்கரைக்குச் சென்றால், வேப்பலோடை தொடங்கித் தூத்துக்குடி வரையிலும் அதற்கப்பாலும் உப்பளங்கள் வெள்ளை வெளேரென விரிந்து கிடக்கின்றன. உப்பு விளைச்சலில் இந்தியாவில் குஜராத்துக்கு அடுத்த இடம் தமிழகத்திற்கு. அதிலும் பெரும்பங்கு தூத்துக்குடிச் சீமைக்கு. உவர்நீரைப் பெரிய பாத்திகளில் தேக்கி, வெயிலில் வற்றவைத்துக் கெட்டிப்படுத்தி, பின் சிறு பாத்திகளில் பாய்ச்சுகிறார்கள். தரையில் படிகம் படியும். நீண்ட கோலின் முனையில் பலகை பொருத்திய வாருபலகையால் அப்படிகத்தை உடைத்து, அலசி, வரப்புக்கு இழுத்து வாருகிறார்கள். வரப்பில் வாரிய உப்பைக் கூடையில் அள்ளித் தலையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுபவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மேலே கதிரவன், கீழே உப்பின் வெள்ளொளி, இடையே கால் வெடிப்பில் ஏறும் உவர்நீர். வடகிழக்குப் பருவமழை இறங்கிவிட்டால் அந்த வேலையும் நின்றுபோகும்.

திருவிழா இரவில் நம்மைக் கேள்வி கேட்ட அன்னை இவ்வேலையை இருபது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்தவர் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

நாற்பது வயது மைனர்

வாரி இறைப்பவனுக்கு நம் சிற்றூர்கள் சூட்டியிருக்கும் பெயர் ‘மைனர்’. இஃது எங்கிருந்து வந்தது?

ஆங்கிலேயர் ஆட்சியில் ஜமீன்தார் ஒருவர் இறந்து, வாரிசு சிறுவனாயிருந்தால், ஜமீனின் நிர்வாகத்தை அரசாங்கத்தின் ‘கோர்ட் ஆப் வார்ட்ஸ்’ ஏற்றுக்கொள்ளும். சென்னை மாகாணத்தில் இதற்கு 1804-ஆம் ஆண்டிலேயே சட்டவிதி இயற்றப்பட்டது. 1902-இல் விரிவான சட்டம் வந்தது. சட்டத்தின் கண்ணில் அந்த வாரிசு ‘மைனர்’, அதாவது உரிய வயது வராதவர். 1875-ஆம் ஆண்டுச் சட்டப்படி மற்றவர்களுக்கு 18 வயதில் முழு உரிமை கிடைத்தது. கோர்ட் ஆப் வார்ட்ஸின் பொறுப்பில் இருந்தவர்களுக்கோ 21 வயதில்தான். சென்னைத் தேனாம்பேட்டையில் ‘நியூவிங்டன்’ என்னும் மாளிகையில் இத்தகைய இளம் ஜமீன்தார்களைத் தங்கவைத்து ஆங்கிலக் கல்வி புகட்டினார்கள். வேளாவேளைக்கு உணவு, உடை, குதிரை, செலவுக்குப் பணம் எல்லாம் வரும். அது விளைந்த நிலத்தையோ விளைவித்த கைகளையோ அவர்கள் காண வேண்டியதில்லை. உழைப்பறியாமல் செலவழிக்கும் இளைஞன் என்னும் பொருள் ‘மைனர்’ என்ற சொல்லில் ஏறிக்கொண்டது இப்படித்தான். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஜமீன்கள் ஒழிந்தன. மைனர்கள் ஒழியவில்லை, மூன்று குறுக்கம் நிலமுள்ள குடும்பத்திலும் ஒரு மைனர் முளைத்தார்.

இச்சொல்லில் ஊராருடைய தீர்ப்பொன்று ஒளிந்திருக்கிறது. நாற்பது வயதானவனைப் பார்த்து ‘மைனர்’ என்கிறார்களே, அதன் பொருள் என்ன? மீசை நரைத்தும் இவன் வளரவில்லை, தன் கையால் செய்ததற்குத் தான் பொறுப்பேற்கும் வயது இவனுக்கு இன்னும் வரவில்லை என்பதே. புகழ்ச்சி என்றெண்ணி அப்பெயரைச் சுமந்து திரிகிறவர் இதைச் சற்றே எண்ணிப் பார்ப்பது நலம்.

எட்டயபுரம் ஜமீனைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். அரண்மனை என்றாலே உல்லாசம் என்று முத்திரை குத்துவது நீதியன்று. இசை மேதை முத்துசுவாமி தீட்சிதர் தம் இறுதி நாள்களைக் கழித்து 1835-இல் மறைந்தது இவ்வூரில்தான். கர்நாடக இசையுலகம் இன்றும் போற்றும் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்னும் பெருநூலைச் சுப்பராம தீட்சிதர் 1904-இல் வெளியிட்டதும் இவ்வூர் அச்சகத்திலேதான். உழவர் வாரிக் குவித்த பொலியிலிருந்து இத்தகைய நன்மையும் பிறக்கக்கூடும். ஆயினும் 1882-இல் இவ்வூரில் பிறந்து, அரண்மனையை உள்ளிருந்து கண்டவரான பாரதியார், ‘சின்னச் சங்கரன் கதை’ என்னும் முற்றுப்பெறாத உரைநடைக் கதையில், சோம்பலிலும் முகத்துதியிலும் பொழுதைக் கொல்லும் ஒரு ஜமீன்தாரை எள்ளி நகையாடியிருக்கிறார். குவியல் ஒன்றே, அதை எதற்குச் செலவழித்தார்கள் என்பதில்தான் வேறுபாடு.

கலைஞர்களின் கண்ணில்

கலையும் இலக்கியமும் இந்த உல்லாசியை விடாமல் வரைந்துவந்திருக்கின்றன. நம் முன்னோர் நிலத்தை ஐந்தாகப் பகுத்தபோது, தலைவன் மனைவியைப் பிரிந்து பரத்தையை நாடுவதும், மனைவி ஊடுவதும் வயல் சார்ந்த மருதத்துக்கு உரியவை என்று வகுத்தார்கள். நெல் விளைந்து குவியும் இடத்தில்தான் அதை வாரி இறைப்பவனும் தோன்றுகிறான்! குவியல் இல்லாத பாலையில் அவனுக்கு வேலை இல்லை. முன்னோரின் கூர்த்த மதியை எண்ணி வியக்கிறோம்.

பிற்காலத்தில் ‘விறலிவிடு தூது’ என்றொரு சிற்றிலக்கிய வகை பெருகிற்று. மனைவியோடு பிணங்கிச் சென்ற ஒருவன், தாசியிடமும் அவள் தாயிடமும் கைப்பொருள் அனைத்தையும் இழந்து, வள்ளல் ஒருவரின் உதவியால் மீண்டும் தலைநிமிர்ந்து, மனைவியின் சினத்தைத் தணிக்க விறலியைத் தூதாக அனுப்புவது இதன் பொதுக் கதை. இவ்வகையில் பெயர்பெற்ற ‘கூளப்ப நாயக்கன் விறலிவிடு தூது’ பாடிய சுப்பிரதீபக் கவிராயர், நம் வீரமாமுனிவருக்குத் தமிழ் கற்பித்த ஆசிரியர் என்று வழங்கப்படுகிறவர். எட்டயபுரத்திற்கு அண்மையிலுள்ள காமநாயக்கன்பட்டியில் வீரமாமுனிவர் இறைப்பணி ஆற்றியதை நம் வாசகர்கள் அறிவார்கள். மனைவியிடம் திரும்பும் அவ்வூதாரியின் கதையில் சுவைக்குக் குறைவில்லை. ஆனால் வள்ளல் அளித்த பொன் யாருடைய வியர்வை என்று அங்கும் எவரும் கேட்பதில்லை.

1954-இல் வெளிவந்த ‘இரத்தக் கண்ணீர்’ படத்தை நம் மூத்த வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எம். ஆர். ராதா நடித்த அந்தச் செல்வச் சீமான் மோகனசுந்தரம், தாயையும் மனைவியையும் இகழ்ந்து, சொத்தை அழித்து, நோயுற்றுத் தெருவில் நிற்கிறான். அவன் பேச்சுக்கு மக்கள் கைதட்டினார்கள். தொழுநோயைப் பாவத்தின் கூலியாக அப்படம் காட்டியது. அது நோயேயன்றித் தண்டனையன்று, மருந்தால் முற்றிலும் குணமாவது என்பதை இன்று அனைவரும் அறிவோம். நாம் இங்கே கருதுவது வேறு. அரங்கில் சிரித்தவர்களும் அழுதவர்களும் அவனைப் பார்த்தே சிரித்தார்கள், அவனுக்காகவே அழுதார்கள். சேர்த்தவர்களை நினைத்து அழுதவர் எத்தனை பேர்?

இந்தக் கேள்வியை ஓரளவுக்கேனும் எண்ணிப் பார்த்த ஓவியர் ஒருவர் உண்டு. இங்கிலாந்தின் வில்லியம் ஹோகார்த், ஓர் உல்லாசியின் வாழ்க்கையை எட்டுப் படங்களாக வரைந்து, 1735-இல் அச்சுப் படங்களாகவும் வெளியிட்டார். மூல ஓவியங்கள் லண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. டாம் என்னும் இளைஞனின் தந்தை பெருங்கருமி. முதற்படத்தில் அவர் இறந்துவிட்டார். மகன் சொத்தைக் கைப்பற்றுகிறான். அக்கருமி ஒளித்துவைத்த பொற்காசுகள் மேற்சுவரிலிருந்து உதிர்கின்றன. விவிலியத்தின் தோலட்டையை வெட்டி அவர் தம் செருப்புக்கு அடித்தோல் வைத்திருந்ததையும் ஓவியர் ஒரு மூலையில் காட்டுகிறார். இறைவாக்கைக் காலில் போட்டு மிதித்து வாரிச் சேர்த்த தந்தைக்கு, வாரி இறைக்கும் மகன்! கருமித்தனமும் ஊதாரித்தனமும் ஒரே வீட்டில் பிறந்தவை என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

அதே முதற்படத்தில், டாம் மணப்பதாக வாக்களித்து ஏமாற்றிய சாரா என்னும் ஏழைப்பெண் கண்ணீரோடு நிற்கிறாள். நான்காம் படத்தில் கடனுக்காக அவனைச் சிறைப்பிடிக்க வருகிறார்கள். அப்போது குறுக்கே வந்து தன் பணப்பையை நீட்டுகிறவள் அவளே. தையல் வேலை செய்து பிழைக்கும் அவளுடைய நாடாப் பெட்டி கையிலிருந்து நழுவிச் சிதறுகிறது. ஊசியால் கோத்துக் கோத்துச் சேர்த்த காசு, உல்லாசியின் கடனுக்குப் போகிறது. எட்டாம் படத்தில் அவன் மனநோயாளர் இல்லத்தில் தரையில் கிடக்கிறான். அருகில் அழுதுகொண்டிருப்பவளும் அவளே. நம் அன்னையின் கேள்வியை ஹோகார்த் கேட்டிருந்தால், “சேர்த்தவள் இதோ” என்று அவளைச் சுட்டிக்காட்டியிருப்பார்.

மேடையேறாத கூலியாட்கள்

அந்த இரவுக்குப் பின் லூக்கா நற்செய்தியின் 15-ஆம் அதிகாரத்தை மீண்டும் எடுத்துப் படித்தோம். குருமடத்தில் கற்ற கிரேக்கம் அப்போது கைகொடுத்தது. தந்தை பங்கிட்டுக் கொடுத்தது ‘சொத்து’ என்று நாம் சொல்கிறோம். மூலத்தில் அவ்விடத்தில் உள்ள சொல்லுக்கு ‘வாழ்வு’, ‘பிழைப்பு’ என்று பொருள். தந்தை தம் வாழ்வையே பகிர்ந்து கொடுத்தார்! அடுத்த வசனத்தில் இளைய மகன் எல்லாவற்றையும் ஒன்றுகூட்டிக்கொண்டு புறப்படுகிறான். போன இடத்தில் சிதறடிக்கிறான். ஒன்றுகூட்டுதல், சிதறடித்தல் என்னும் எதிரெதிர் வினைகள் இரண்டும் ஒரே வசனத்தில் அடுத்தடுத்து நிற்கின்றன. வாரிச் சேர்த்தான், வாரி இறைத்தான் என்று தமிழில் சொன்னால் பொருந்தாதோ?

அதைவிட நம்மைத் தைத்தது வேறொன்று. பன்றிகளின் நடுவே பசியால் வாடியபோது அவன் அறிவு தெளிந்தான் என்கிறார் ஆண்டவர். தெளிந்தபோது அவனுக்கு நினைவு வந்தது யார்? தந்தையின் வீட்டில் வயிறார உண்ணும் கூலியாட்கள்! வீட்டில் இருந்த நாளெல்லாம் அவன் அவர்களை ஏறிட்டுப் பார்த்ததாகக் கதையில் இல்லை. பசி வந்தபோதுதான், அந்த வீட்டின் குவியலைக் குவித்தவர்கள் அவன் கண்ணுக்குத் தெரிந்தார்கள். அதன்பின், தன்னையும் அவர்களில் ஒருவனாக ஏற்றுக்கொள்ளும்படி கேட்க அவன் முடிவு செய்கிறான். அவன் மனமாற்றத்தின் முதற்படி அந்தக் கூலியாட்களின் நினைவே.

ஆக, அன்னை கேட்டது நற்செய்தியில் இருக்கிறது. நம் நாடகத்தில்தான் இல்லை. பட்டுச் சட்டைக்கும் ஆடல் பாடலுக்கும் நேரம் ஒதுக்கிய நாம், கூலியாட்களை மேடையேற்றவில்லை.

முதலில் நமக்கு வேறோர் எண்ணமும் வந்ததுண்டு. அன்னையின் கேள்வி, வீட்டுக்குள் வர மறுத்து வெளியே நின்ற மூத்த மகனின் முறுமுறுப்போ என்று ஐயுற்றோம். அந்த ஐயம் தவறென்பதை இல்லச் சந்திப்பின்போது அவரே உணர்த்தினார். அவர் இசைவோடு, ஊரும் பேரும் குறிப்பிடாமல் இங்கே எழுதுகிறோம்.

அவருடைய கணவரை ஊரார் ‘மைனர்’ என்றே அழைத்தார்களாம். கரிசல் நிலம் முதலில் அடமானத்துக்குப் போயிற்று. பின் விலைக்குப் போயிற்று. ஒரு நாள் மனிதரும் போய்விட்டார். மூன்று பிள்ளைகளோடு நின்ற இப்பெண், விடியுமுன் லாரியேறி உப்பளத்துக்குச் சென்று வாருபலகை பிடித்தார். பல ஆண்டுகள் கழித்துக் கணவர் நோயாளியாய் வாசலில் வந்து நின்றார். இவர் கதவைத் திறந்தார், கஞ்சி ஊற்றினார், கண்மூடும் வரை பார்த்துக்கொண்டார், நல்ல மரணத்துக்கு உரிய திருவருட்சாதனங்களுக்கும் ஏற்பாடு செய்தார்.

“வந்த மனுசனை வெளியே நிறுத்த மனசு வரலை, சாமி. மன்னிச்சுட்டேன். ஆனா எட்டு மாசம் இந்த வீட்டுல கெடந்தாரு, ஒரு நாளாவது ‘உன் கையைக் காட்டு’ன்னு கேக்கலை.”

இவ்வாறு சொல்லிவிட்டு, தம் இரு கைகளையும் மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டார். நாம் கேட்டபின்னரே திருப்பிக் காட்டினார். அந்தக் கைகளை இங்கே வருணிக்க மாட்டோம். மூத்த மகன் கணக்குக் கேட்டு வெளியே நின்றான். இவரோ உள்ளே ஏற்றுக்கொண்டவர். தம்மை ஒருமுறையேனும் காணும்படி மட்டுமே கேட்டவர்.

கருவிக் குடிசையில் ஒரு புனிதர்

உல்லாசிக்கு மீட்பு இல்லையா என்று சிலர் கேட்கலாம். 2022 மே 15 அன்று, நம் மண்ணின் மறைசாட்சி தேவசகாயம் உரோமையில் புனிதராக உயர்த்தப்பட்டபோது, அதே பீடத்தில், அதே வேளையில் புனிதராக அறிவிக்கப்பட்ட வேறொருவரை நினைவுகூர்வோம். அவர் பிரான்சு நாட்டுச் சார்லஸ் தெ ஃபூக்கோ.

1858-இல் பிறந்த சார்லஸ் ஆறாம் வயதில் பெற்றோரை இழந்தார், பாட்டனார் வளர்த்தார். 1878-இல் பாட்டனார் மறைந்தபின் பெருஞ்செல்வம் கைக்கு வந்தது. குதிரைப்படை அதிகாரியான அவ்விளைஞர் விருந்திலும் கேளிக்கையிலும் அதை வாரி இறைத்தார். 1882-இல் குடும்பத்தார் நீதிமன்றத்தை நாடி, அவர் சொத்துக்கு ஒரு பொறுப்பாளரை நியமிக்கச் செய்தார்கள். 24 வயதை எட்டும் பருவத்தில் சட்டமே அவரை ‘மைனர்’ ஆக்கிவிட்டது எனலாம்! மொராக்கோ நாட்டில் துணிவுமிக்க ஆய்வுப் பயணம் மேற்கொண்டு புகழ்பெற்றும் அவர் நெஞ்சம் அமைதி காணவில்லை. 1886 அக்டோபரில் பாரீசில் புனித அகுஸ்தினார் ஆலயத்தில் அருட்தந்தை உவெலின் அவர்களை அணுகி, விசுவாசத்தைப் பற்றி விளக்கம் கேட்டார். வாதம் செய்யாமல், முழங்காலிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்யுமாறு அக்குரு பணித்தார். சார்லஸ் பணிந்தார்.

பின்னர் துறவியாகி, 1897 முதல் 1900 வரை நாசரேத்தூரில் ஏழைக் கிளாரா கன்னியர் மடத்தில் வேலையாளாக வாழ்ந்தார். அவர் தங்கியிருந்தது தோட்டக் கருவிகள் வைக்கும் சிறு குடிசை! மாளிகையில் பொன்னை இறைத்தவர், மண்வெட்டியும் வாருகோலும் கிடக்கும் இடத்தில் படுத்துறங்கினார். நாசரேத்தூர்த் தச்சராகிய நம் ஆண்டவரின் உழைப்பு வாழ்வில் பங்குபெறுவதே அவர் நோக்கம். 1901-இல் குருவாகி, சகாராப் பாலைவன மக்களிடையே எளியவராய் வாழ்ந்து, 1916 டிசம்பர் முதல் நாள் கொல்லப்பட்டார்.

ஆங்கிலேயர் ‘ரேக்’ என்னும் இரண்டும் அக்குடிசையில் சந்தித்துக்கொண்டன. மனந்திரும்புதல் என்பது கண்ணீரோடு முடிவதன்று. பிறர் கையிலிருந்த கருவியைத் தன் கையில் வாங்கும்போதுதான் அது முழுமை பெறுகிறது.

நம் இல்லங்களுக்கு

பெற்றோரே, மைனர்கள் பிறப்பதில்லை, வளர்க்கப்படுகிறார்கள். “என் பையனுக்கு ஒரு குறையும் தெரியக்கூடாது” என்று பெருமையோடு சொல்கிறோம். தெரியாத குறையோடு, தெரிய வேண்டிய உழைப்பும் மறைந்துபோகிறது. தீப்பெட்டி ஆலையில் தாய் நின்றதையும், வெளிநாட்டு வெயிலில் தந்தை பட்ட பாட்டையும் பிள்ளை அறிய வேண்டும். மாத வருமானம் எங்கிருந்து வந்தது, எங்கே போயிற்று என்று குடும்பமாய் அமர்ந்து கணக்குப் பாருங்கள். மகளுக்கு மட்டும் துடைப்பமும் மகனுக்குக் கைப்பேசியும் என்றிராமல், இருவர் கையிலும் வேலையைக் கொடுங்கள்.

கணவன்மாரே, மதுக்கடையிலும் கைப்பேசிச் சூதாட்டத்திலும் ஓரிரவில் கரைவது எண்கள் அல்ல. யாரோ குனிந்து வாரிய உப்பு அது. யாரோ அடுக்கிய தீக்குச்சி அது. பல வேளைகளில் அந்த ‘யாரோ’ நம் இல்லத்தில்தான் இருக்கிறார்.

மனைவியரே, மன்னிப்பது நற்செய்தியின் கட்டளை. ஆயினும், மகளிர் குழுவில் கடன் வாங்கி அவர் கடனை மறைத்துக்கொண்டே போவது மன்னிப்பன்று. துன்பத்தை உள்ளேயே அடக்கிக்கொள்ள வேண்டாம். உறவினரிடமோ, பங்குக் குருவிடமோ, குடிநோய் மருத்துவரிடமோ சொல்லத் தயங்காதீர்கள். அடி உதை என்றால் சட்டத்தின் பாதுகாப்பை நாடுவது பாவமன்று.

குருக்களாகிய நாமும் ஒன்றைக் கற்றுக்கொண்டோம். திரும்பி வந்த மகனுக்காகக் கொழுத்த கன்றை அடிக்கும் மறையுரையை ஆண்டுதோறும் சுவையாக ஆற்றுகிறோம். அந்தக் கன்றை வளர்த்தவர்களைப் பற்றி இதுவரை ஒரு வாக்கியமும் சொன்னதில்லை. இனிச் சொல்வோம்.

அடுத்த ஆண்டுத் திருவிழாவில் அதே நாடகம் மீண்டும் நடந்தது. தொடக்கத்தில் ஒரு புதிய காட்சியைச் சேர்த்தோம். திரை விலகும்போது தந்தையின் களத்தில் ஆண்களும் பெண்களுமாய்க் கூலியாட்கள் தானியத்தை வாரிக்கொண்டிருப்பார்கள். இறுதிக் காட்சியில் விருந்தின்போது அவர்களும் பந்தியில் அமர்வார்கள். மேடைக்கு வேண்டிய வாருபலகையை அந்த அன்னையே தந்துதவினார். ஊதாரி பணத்தை வீசும் காட்சி வந்தபோது கூட்டம் முன்போல் சிரிக்கவில்லை. களத்தில் குனிந்திருந்தவர்களைச் சற்று முன்னர்தானே கண்டிருந்தார்கள்! நாடகம் முடிந்ததும் அன்னை நம்மிடம் வந்து, “இப்பச் சரியா இருக்கு, சாமி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் பலகையைத் தோளில் சாய்த்துக்கொண்டு போனார்.

அன்பு வாசகர்களே, இந்தப் பக்கத்தைப் படித்து முடித்ததும் ஒன்று செய்யுங்கள். உங்கள் இல்லத்தில் உங்களுக்காக உழைப்பவர் தாயோ, தந்தையோ, மனைவியோ, கணவரோ, அண்ணனோ, அக்காளோ, யாராயினும், இன்றிரவு குடும்பச் செபம் முடிந்தபின் அவர் அருகில் சென்று, “உங்கள் கையைக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். ஆணித் தழும்பேறிய தம் கைகளைச் சீடர்களுக்குக் காட்டிய உயிர்த்த ஆண்டவர், உங்கள் இல்லத்தை ஆசீர்வதிப்பாராக!